புனல் முதல் காலர் மைக் வரை: கச்சேரி ஒலிப்பதிவில் ஒரு சாண் கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி மாலையில் எனக்கு ஒரு தொலைபேசி வந்தது. பேசியவர் இளம்பெண். "சார், எங்க தாத்தா ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி உங்க கல்கத்தாவுல ஒரு கச்சேரிக்கு மிருதங்கம் வாசிச்சாராம். நீங்கதான் ரெக்கார்ட் பண்ணீங்கன்னு சொன்னாங்க. ஒரு காப்பி கிடைக்குமா?" என்று கேட்டார். தாத்தா காலமாகிவிட்டார். வீட்டில் அவர் வாசிப்பு எதுவும் பதிவாக இல்லை.

பீரோவின் அடித்தட்டிலிருந்து அந்தக் கேசட்டைத் தேடி எடுத்தேன். பூசணம் பிடிக்காமல் இருந்தது. கணினியில் ஏற்றி அன்றிரவே அனுப்பி வைத்தேன். மறுநாள் பதில் வந்தது: "ரொம்ப நன்றி சார். பாட்டு நல்லா கேக்குது. தாத்தா வாசிக்கிறதுதான் கேக்கலை. தனி ஆவர்த்தனம் முடிஞ்சதும் கைதட்டல் மட்டும் நல்லா கேக்குது."

அன்று முழுதும் கடையில் எனக்கு வேலை ஓடவில்லை. மைக் மட்டமான மைக் இல்லை. டேப்பும் நல்ல டேப்தான். பிழை என்னுடையது, மைக்கை எங்கே வைப்பது என்பது அன்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு படித்தும் கேட்டும் கெடுத்தும் கற்றுக்கொண்டதை நம் சங்கத்து இளைஞர்களுக்காக இங்கே எழுதுகிறேன். இது பெரும்பாலும் சரித்திரம்தான். கடைசியில் கொஞ்சம் கைமுறையும் வரும்.

நாம் வாழும் ஊரில் தொடங்கிய கதை

இந்தியாவில் இசைத்தட்டுக்கான ஒலிப்பதிவு முறையாகத் தொடங்கியது நம் கல்கத்தாவில்தான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1902-ல் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பர்க் கப்பலில் வந்து இறங்கி, ஓர் ஓட்டல் அறையில் கருவிகளைப் பரப்பினார். அவர் பதிவு செய்தவர்களில் தலையானவர் கௌஹர் ஜான். பாட்டு முடிந்ததும் "என் பெயர் கௌஹர் ஜான்" என்று ஆங்கிலத்தில் அந்த அம்மையார் உரக்கச் சொல்வது தட்டில் பதிவாகியிருக்கிறது. அது பெருமைக்காகச் சொன்னதன்று. மெழுகுத் தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குப் போய் அச்சாகித் திரும்ப வேண்டும். எந்தத் தட்டு யாருடையது என்று அங்கே இருப்பவருக்குத் தெரிய வேண்டுமே! 1908-ல் சியால்தாவில் தட்டு அச்சிடும் தொழிற்சாலை வந்த பிறகுதான் அந்தக் கடல் பயணம் குறைந்தது.

அந்த அறையில் மைக் கிடையாது. ஒரு பெரிய தகரப் புனல்; அதன் குறுகிய முனையில் ஒரு மெல்லிய தகடு; தகட்டோடு ஓர் ஊசி; ஊசிக்குக் கீழே சுழலும் மெழுகு. பாடுகிறவர் புனலுக்குள் தலையை நுழைக்காத குறையாக நின்று கத்திப் பாட வேண்டும். குரலின் பலத்தில்தான் ஊசி அசையும். மூன்று நிமிடத்துக்குள் பாட்டை முடித்தாக வேண்டும். தாள வாத்தியம் அருகில் இருந்தால் ஊசி துள்ளிவிடும். ஆகவே அதைத் தூரத்தில் வைப்பார்கள். வயலினின் நாதம் புனலுக்கு எட்டாது என்பதால், வயலின் மேலேயே ஒரு சிறு உலோகப் புனலைப் பொருத்திய ஸ்ட்ரோ வயலின் என்ற ஒன்றையே ஐரோப்பாவில் செய்தார்கள். அதற்குக் காப்புரிமை பெற்ற ஆண்டு 1899.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தட்டில் பாடும் கிராமபோனை 1887-ல் கண்டுபிடித்த எமிலி பெர்லினர், அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1877-ல், தொலைபேசிக்காக ஒரு மைக்கை உருவாக்கியிருந்தார். ஆனால் அவருடைய அந்த இரண்டு பிள்ளைகளும் ஒன்று சேர ஏறக்குறைய நாற்பது ஆண்டு பிடித்தது. 1925-ல்தான் அமெரிக்காவில் மைக் வைத்து, மின்சார முறையில் இசைத்தட்டுப் பதிவு தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அது இந்தியாவுக்கும் வந்தது. கல்கத்தா கார்ஸ்டின் பிளேஸில் வானொலி நிலையம் 1927 ஆகஸ்ட் 26-ல் ஒலிபரப்பைத் தொடங்கியது. சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் 1938 ஜூன் 16-ல் தொடங்கியது.

மைக் மாற்றிய குரல்கள்

மைக் வருவதற்கு முன் மேடையில் நிற்க வேண்டுமானால் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் வேண்டும். நாடக மேடையின் எஸ்.ஜி. கிட்டப்பா (1906–1933) போன்றவர்கள் மிக உயர்ந்த சுருதியில் பாடியதற்கு அவர்களுடைய மேதைமை ஒரு காரணம். அந்தக் கூட்டத்தின் அளவு இன்னொரு காரணம். 1930-களில் கச்சேரி மேடைக்கு மைக் வந்ததும் சுருதி மெல்ல இறங்கியது. தாழ்ந்த ஸ்தாயியில் ஒரு நுண்ணிய கமகம் பிடித்தால் அதுவும் கேட்கும் என்ற நிலை வந்தது.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் சான்று வீணை தனம்மாள். சென்னை ஜார்ஜ் டவுனில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வாசிப்பார். மீட்டுக் கோல் எதுவும் போடாமல் வெறும் விரலால் மீட்டுவார். அந்த நாதம் அவ்வளவு மெல்லியது. வந்தவர்கள் மூச்சுவிடவும் யோசிப்பார்களாம். அந்த வீணையைத் தகரப் புனலால் பிடித்திருக்க முடியுமா? 1930-களில் மின்சார மைக் முன்னால் அவர் வாசித்த சில தட்டுகள்தான் இன்று நமக்குக் கிடைக்கின்றன. 1938-ல் அவர் மறைந்தார். பத்து வருடம் தாமதமாக மைக் வந்திருந்தால் தனம்மாள் நமக்கு வெறும் செவிவழிச் செய்தியாகப் போயிருப்பார்.

பதக்கமாக வந்த மைக்

அந்தக் காலத்து மைக்குகள் ஓர் உலக்கைப் பிடி பருமன். அதைச் சிறிதாக்க வேண்டும் என்ற தேவை தொலைக்காட்சியில் பிறந்தது. பேசுகிறவர் நடக்க வேண்டும். கை காலியாக இருக்க வேண்டும். 1950-களில் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிடும் மைக் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு லாவாலியர் என்று பெயர். பிரெஞ்சு மன்னர் 14-ஆம் லூயியின் காதலி லா வாலியர் அம்மையாரின் பெயரால் வழங்கிய ஒரு பதக்கத்தின் பெயர் அது. நம் பாஷையில் சொன்னால் "பதக்க மைக்".

உண்மையான திருப்பம் 1962-ல் வந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கெர்ஹார்ட் செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இருவர் எலக்ட்ரெட் மைக்கை உருவாக்கினார்கள். அதுவரை உயர்தர மைக்குக்கு வெளியிலிருந்து அதிக மின்னழுத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இவர்கள் டெஃப்ளான் போன்ற ஒரு மெல்லிய படலத்திலேயே மின்னூட்டத்தை நிரந்தரமாகத் தங்க வைத்துவிட்டார்கள். காந்தத்தில் காந்தசக்தி தங்குவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகென்ன, ஒரு சின்ன பாட்டரியே போதும். மைக் மிளகு அளவுக்கு வந்தது, விலையும் இறங்கியது. இன்று கல்யாண வீடியோக்காரர் மாப்பிள்ளை சட்டையில் மாட்டும் காலர் மைக் இந்த வம்சம்தான்.

கிட்டே வைத்தால் போதுமா?

"சின்ன மைக், கிட்டே வைக்கலாம், ஆகவே தெளிவாகக் கேட்கும்" என்று நானும் நினைத்தேன். பாதிதான் சரி.

ஒலி திறந்த வெளியில் பரவும்போது தூரம் பாதியானால் நேரே வரும் ஒலியின் செறிவு நான்கு மடங்காகும். அதாவது 6 டெசிபல் கூடும். ஆனால் மண்டபத்துச் சுவரிலும் மொசைக் தரையிலும் மோதித் திரும்பும் எதிரொலி எங்கே நின்றாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். மைக்கை நெருக்கினால் நேரொலி ஓங்கும், எதிரொலியும் மின்விசிறி இரைச்சலும் இருமலும் பின்னால் போகும். தெளிவு என்பது இந்த விகிதம்தான்.

மீதிப் பாதியைச் சொல்ல நம் ஊர் விஞ்ஞானி ஒருவரைத் துணைக்கு அழைக்கிறேன். திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் 1907 முதல் 1933 வரை கல்கத்தாவாசி. பௌபஜார் தெரு ஆய்வுக்கூடத்தில் அவர் செய்த வேலைகளில் மிருதங்கமும் ஒன்று. 1920-ல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் அதைப் பற்றி எழுதினார். 1934-ல் விரிவாக எழுதினார். சாதாரண மத்தளத் தோலில் எழும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசையாது. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே அப்பிய கரணையின் கனத்தால் அந்த மேற்சுரங்கள் வீணைத் தந்தியைப்போல ஒழுங்குபட்டு நிற்கின்றன என்று அவர் காட்டினார். தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவி, எந்த அடிக்கு எந்தப் பகுதி அதிர்கிறது, எந்தக் கோட்டில் அசைவே இல்லை என்பதையும் பார்த்தார்.

இதில் ஒலிப்பதிவுக்காரனுக்கு ஒரு பாடம் இருக்கிறது. தோலின் ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு விதமாக அதிர்கிறது. மைக்கைத் தோலுக்கு இரண்டு விரல் கிட்டத்தில் வைத்தால் அந்த ஒரு மூலையின் சத்தம்தான் கிடைக்கும்; 'நம்'மும் 'தீம்'மும் 'சாப்பு'ம் கலந்து ஒரு நாதமாக உருவெடுக்க ஒலிக்குக் கொஞ்சம் இடம் வேண்டும். குறைந்தது ஒரு சாண். எந்த வாத்தியத்துக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

சாண் கணக்கு நமக்குப் புதிதா? எங்கள் சமண வீடுகளில் பிள்ளைகளுக்குச் சிலம்பின் கதையும் சிந்தாமணியின் கதையும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அரங்கேற்று காதையில் மாதவிக்கு மேடை போடுகிறார்கள். கணுவுக்குக் கணு ஒரு சாண் வளர்ந்த மூங்கிலைத் தேர்ந்து, 24 விரல் அளவுக்குக் கோல் நறுக்கி, அந்தக் கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அளக்கிறார்கள். குழல், யாழ், தண்ணுமை, முழவு என்று எந்தக் கருவி எதைத் தொடர்ந்து வரும் என்பதற்கும் ஒழுங்கு சொல்கிறார் இளங்கோவடிகள். சிந்தாமணியில் சீவகன் காந்தருவதத்தையோடு போட்டிக்கு உட்கார்ந்ததும் வாசித்துவிடவில்லை. கொடுத்த யாழ்களை ஆராய்ந்து, இது நீரில் அழுகிய மரம், இது இடி விழுந்த மரம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளுகிறான். அளந்து, கேட்டு, பிறகு ஆரம்பிப்பதுதான் நம் மரபு. நான் ஜவுளி வியாபாரி. முழக்கோல் பிடித்த கை. ஆனாலும் மைக் வைக்கும்போது அளக்காமல் விட்டேன்.

மேடையில் எங்கே வைப்பது?

முதலில் என் பெரும்பிழையைச் சொல்லிவிடுகிறேன். அன்று நான் மைக்செட்காரரின் மிக்சரிலிருந்து ஒரு ஒயரை இழுத்து அப்படியே பதிந்தேன். மிக்சரில் அவர் வைக்கும் அளவு மண்டபத்துக்கான அளவு. நூறு பேர் உட்காரும் மண்டபத்தில் மிருதங்கம் மைக் இல்லாமலே நன்றாகக் கேட்கும்; ஆகவே அவர் அதைக் குறைத்துவிடுவார். அது அவர் தவறில்லை. சபைக்கு அதுதான் சரி. ஆனால் ஒயரில் வந்தது குறைத்த மிருதங்கம். கைதட்டலோ பாடகரின் காலர் மைக்கில் நன்றாகவே விழுந்தது. பேத்திக்குத் தாத்தா கேட்காமல் போனதன் ரகசியம் இதுதான். ஆகவே பதிவுக்கென்று தனி மைக்குகள் வையுங்கள். அவற்றை ஸ்பீக்கர் பெட்டிக்கு அனுப்பாதீர்கள். அனுப்பாவிட்டால் மைக் கூவுகிற தொல்லையும் இல்லை.

பாட்டு: காலர் மைக் நடமாடுகிறவருக்காகப் பிறந்தது. நம் வித்வான் மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்காருகிறார். அவர் உடையில் ஏன் குத்த வேண்டும்? பட்டுப்புடவை சரசரக்கும், அங்கவஸ்திரம் உரசும், சங்கிலி இடிக்கும், தொடையில் தட்டும் தாளம் உடம்பு வழியே ஏறும். ஒரு சிறு கம்பியிலோ மேடை மைக்கின் ஸ்டாண்டிலோ கிளிப்பை மாட்டி, வாய்க்கு ஒன்றரைச் சாண் தூரத்தில், மூச்சுக்காற்று நேரே படாமல் சற்றுக் கீழே வைத்தால் போதும். உடையில்தான் வைக்க வேண்டும் என்றால் மோவாய்க்கு ஒரு சாண் கீழே, மார்பின் நடுவில். கழுத்தை ஒட்டி வைத்தால் மோவாயின் நிழலில் 'ச', 'ஸ' போன்ற எழுத்துகள் மழுங்கும். ஒயரை ஒரு சுற்றுச் சுற்றித் துணியில் பிடிப்பித்தால் இழுப்புச் சத்தம் மைக்குக்கு ஏறாது.

வயலின்: குதிரைக்குப் பின்னால் தந்திகளைக் கவ்வும் ரப்பர் பிடிப்புகள் கிடைக்கின்றன. அதில் மைக்கைப் பொருத்தி, குதிரைக்கும் விரல்பலகைக்கும் இடைப்பட்ட இடத்தைப் பார்க்கும்படி அரைச் சாண் உயரத்தில் நிறுத்தலாம். 'எஃப்' வடிவத் துளைக்கு நேரே வைத்தால் குடத்துக்குள் பேசியதுபோல் இருக்கும். வில்லுக்கு மிகவும் கிட்டே போனால் குங்கிலியப் பொடி உராய்வதுதான் கேட்கும். வித்வானைக் கேட்காமல் வாத்தியத்தில் கை வைக்கக்கூடாது. பிடிப்பை அவரே மாட்டட்டும்.

மிருதங்கம்: கூடுமானால் இரண்டு மைக். வலந்தலைக்கு ஒரு சாண், தொப்பிக்கு ஒன்றேகால் சாண். தோலுக்கு நேர் எதிரே வைக்காமல் சற்று மேலிருந்து சாய்த்துப் பார்க்கும்படி வைக்க வேண்டும். வாரில் கிளிப் மாட்டினால் ஒவ்வொரு அடியும் இடியாக விழும். சிறு ஸ்டாண்டே மேல். இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது 'கும்'மின் கனம் குறைந்தால், ஒரு மைக்கின் ஒலி மற்றதை அழிக்கிறது என்று அர்த்தம். மிக்சரில் ஒன்றின் முனையை மாற்றும் பொத்தானை அழுத்திப் பார்க்கலாம். ஒரே மைக் இருந்தால் வலந்தலைப் பக்கம் முன்னால், இரண்டு சாண் தூரத்தில்.

மேடையில் மிருதங்கக்காரர் பாடகருக்கு வலப்புறம் அமர்வது, அவருடைய வலந்தலை சபையைப் பார்ப்பதற்காகவே. பழனி சுப்பிரமணிய பிள்ளை இடதுகை வாசிப்புக்காரர். அவர் எதிர்ப்புறம் உட்கார வேண்டியிருந்ததும் இதே காரணத்தால்தான். மைக் வைக்குமுன் வித்வான் எந்தக் கைக்காரர் என்று பாருங்கள்.

இரண்டு மைக்குகளுக்கு நடுவே ஒரு பொது விதி உண்டு: ஒரு மைக் தன் வாத்தியத்திலிருந்து எவ்வளவு தூரமோ, அதைப்போல் மூன்று மடங்காவது அடுத்த மைக் தள்ளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஒலி இரண்டிலும் சற்று முன்பின்னாக விழுந்து, தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல் ஆகிவிடும். ஒரு சாணுக்கு மூன்று சாண்.

அளவு வைப்பது பற்றி ஒரு வார்த்தை. "ஹலோ மைக் டெஸ்டிங்" சொல்லி அளவு வைக்காதீர்கள். தனி ஆவர்த்தனத்தின் கடைசிக் கோர்வையை ஒரு முறை வாசிக்கச் சொல்லி, அது உச்சக் கோட்டுக்கு 12 டெசிபல் கீழே நிற்கும்படி வையுங்கள். ஆலாபனை சிறியதாகத் தெரியும், பரவாயில்லை. சிறியதைப் பிறகு பெரிதாக்கலாம். சிதைந்ததைச் சேர்க்க முடியாது.

சபையில் உட்கார்ந்து பதிகிறவர்களுக்கு

1963-ல் பிலிப்ஸ் கேசட் வந்தபின் நம் ரசிகர்கள் மடியில் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு கச்சேரி கேட்டார்கள். 1992-ல் மினிடிஸ்க் வந்தது. இரண்டு சிறு மைக்குகளைச் சட்டைக் காலரின் இரு முனையிலோ கண்ணாடிச் சட்டத்திலோ மாட்டிப் பதிந்தவர்களும் உண்டு. தலை நடுவே இருப்பதால் இடக்காது, வலக்காது வித்தியாசம் அப்படியே பதிவாகும். ஹெட்போனில் கேட்டால் சபையில் உட்கார்ந்த மாதிரியே இருக்கும். ஆனால் நீங்கள் தலையை ஆட்டினால் பாடகர் இடமும் வலமும் ஓடுவார். "பலே" சொன்னால் உங்கள் பலேதான் உரக்கக் கேட்கும்! அதைவிட, மேடை விளிம்பில் இரண்டு சாண் இடைவெளியில் இரண்டு மைக்குகளை வைத்து, தனி மைக்குகளின் பதிவோடு கொஞ்சமாகக் கலப்பது நல்லது. மண்டபத்தின் உயிர் அதில் வரும்.

எப்படிப் பதிந்தாலும் அனுமதி கேட்டே பதிய வேண்டும். 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் 1994-ல் செய்த திருத்தம் மேடைக் கலைஞருக்கே தம் நிகழ்ச்சியின் மீது உரிமை தந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், பிறர் உழைப்பைக் கேளாமல் எடுப்பது கள்ளாமைக்கு மாறானது.

நமக்கு ஏன் இவ்வளவு அக்கறை?

சென்னையில் ஒரு வித்வான் ஆண்டுக்கு எத்தனையோ கச்சேரி வாசிக்கிறார். ஒன்று போனால் இன்னொன்று பதிவாகும். லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் காசு சேர்த்து, ரயில் டிக்கெட் எடுத்து, யாரோ ஒருவர் வீட்டில் தங்க வைத்து நடத்துகிற கச்சேரி அப்படியல்ல. அது ஒரே முறை. நம் பிள்ளைகள் பெங்காலி கலந்து தமிழ் பேசுகிறார்கள். தாத்தா பாட்டி எதைக் கேட்டு வளர்ந்தார்கள் என்று ஒரு நாள் அவர்கள் கேட்பார்கள். அன்று அவர்களுக்குக் கைதட்டலை மட்டும் கொடுப்பதா?

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நான்கு சிறு மைக், ஒரு ரெக்கார்டர், இரண்டு ஸ்டாண்ட் வாங்கி வைப்போம். இரண்டு இளைஞர்கள் பழகட்டும். நானும் கூட இருக்கிறேன். ஒவ்வொரு பதிவின் முடிவிலும் மங்களத்துக்குப் பிறகு, கலைஞர்கள் ஒவ்வொருவரும் தம் பெயரையும் அன்றைய தேதியையும் தம் வாயாலேயே சொல்லட்டும். பக்கவாத்தியக்காரரும் சொல்ல வேண்டும். 1902-ல் இதே ஊரில் கௌஹர் ஜான் செய்ததுதான் அது.

அந்தப் பெண்ணுக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன். அவருடைய தாத்தாவின் சீடர் ஒருவர் இப்போது வாசித்து வருகிறார். அடுத்த பொங்கல் விழாவுக்கு அவரை அழைக்கச் செயற்குழுவில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வந்தால், ஒரு சாண் அளந்துதான் மைக் வைப்பேன்.